சாமி அடுப்பு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர்களும் சொல்வார்கள். தப்பில்லை. தராசுத் தட்டில் கட்டைவிரலை அழுத்துகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்குத் தெரியாது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு விஷயத்தில் எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் யாருக்கும் இதனால் வேலை போகப் போவதில்லை.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. மைசூரில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கென்று மைசூருக்கு வந்து அங்கேயே வேர்விட்ட குடும்பம். அவர்கள் பேசும் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். அவருக்கு ஒரு மலை தெரியும், ஒரு மிருகக்காட்சி சாலை தெரியும். காடு என்றால் அவருக்குக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் புலிதான். நான் கேலி செய்வேன், அவரும் சிரித்துக்கொள்வார்.

எங்களுக்குக் காடு வேறு மாதிரி. ராமாபுரத்திலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கும் அந்தக் காட்டிலிருந்து வராத பொருள் எங்கள் ஊரில் கிடையாது. விறகு, புளி, நெல்லிக்காய், கடுக்காய், சீமாற்றுப் புல், ஆட்டுக்குத் தழை, காய்ச்சல்காரனுக்குத் தேன், எல்லாம் அங்கிருந்துதான். ஊர் மாடுகளில் பாதி, வருஷத்தில் எட்டு மாதம் காட்டுக்குள்தான் இருக்கும். பட்டி என்று முள்ளால் வளைத்துக் கட்டிய தொழுவம், அதைப் பார்த்துக்கொள்ளப் பட்டிக்காரர்கள். வனத்துறை கொடுக்கும் மேய்ச்சல் சீட்டு இருந்தால்தான் பட்டி போடலாம். அந்தச் சீட்டுதான் அவர்களுக்கு வீடு, வயல், சோறு எல்லாம்.

எங்கள் குலசாமியும் அந்தக் காட்டில்தான். ஓடைக்கரையில் மருத மரத்தடியில் நட்ட ஒரு கல், கூரை கிடையாது. மாசி மாதம் சிவராத்திரி கழிந்த திங்கட்கிழமை எங்கள் குடும்பம் டிராக்டர் பிடித்து அங்கே போய்ப் பொங்கல் வைக்கும். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த வருஷத்துப் பொங்கல் என் பெயரில் வேண்டுதல். அதனால்தான் என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு பட்டி இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகாதவர். தம்பிக்கு ஊரில் பெண்டாட்டி இருந்தாள், பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று என் அக்கா சொல்லிச் சிரிப்பாள். பொங்கலுக்குப் பால் எப்போதும் அந்த அண்ணன்தான் கொண்டு வருவார். அன்றைக்கும் கொண்டு வந்தார். தம்பி விறகு பிளந்து கொடுத்தான். அவனுக்கு உதட்டில் எப்போதும் பீடி. அண்ணன் பார்க்கும்போதெல்லாம் "எச்சரிக்கையாப் பிடிடா, சருகு கெடக்குது" என்பார்.

சருகு என்றால் அப்படி ஒரு சருகு. அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நின்றது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. மூங்கில் புதர்கள் முழுக்க வெளுத்துப் போயிருந்தன. பறவைச் சத்தமே இல்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, வேண்டுதல் நாளில் அச்சானியமாக ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கிழக்குப் பார்த்துப் பொங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். படைத்துச் சாப்பிட்டு முடித்தபோது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. பட்டிக்காரர்கள் இரண்டு பேரும் மாடு திருப்பப் போயிருந்தார்கள். டிராக்டர்காரன் இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்று அவசரப்படுத்தினான்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் பொங்கல் வைத்த அடுப்பைத் தண்ணீர் விட்டு அணைக்கக் கூடாது. அது தானாக ஆற வேண்டும். நெருப்பில் தண்ணீர் ஊற்றுவது சுடுகாட்டுக் காரியம். சாமி அடுப்பில் அதைச் செய்தால் வேண்டினது அவிந்துபோகும் என்பார்கள். வழக்கமாக என் சித்தப்பா அடுப்பு ஆறும்வரை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்து, விடிந்ததும் நடந்து வருவார். அந்த வருஷம் அவருக்கு முழங்கால் வீக்கம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகலாம் என்றார்கள். மூடினார்கள். நடுவில் ஒரு புளியங்கட்டை, பாதி எரிந்தது, மண்ணுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஓடைக் குட்டையில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்தார். அவர் குடத்தைச் சாய்க்கப் போகும்போதுதான் நான் பார்த்தேன். எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, சாமி அடுப்புல தண்ணி ஊத்தறதா? யாருக்கு வேண்டி வெச்ச பொங்கல்னு மறந்து போச்சா? மைசூர்ல குழாயத் தெறந்து விட்டுப் பழகின கை, சும்மா இருக்குமா."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், "மாப்ளைக்கு நம்ம பழக்கம் தெரியாதில்ல, விடு அம்மணி" என்றார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய்விட்டது. "கட்டை இன்னும் சிவப்பா இருக்கு, பாரு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். "அது ஆறும்" என்றேன். அவர் தண்ணீரை ஓடைப் பக்கமாகக் கொட்டிவிட்டு வந்து டிராக்டரில் ஏறினார். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தக் கட்டை முனையிலிருந்து நூல் போலப் புகை நேராக மேலே போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் மைசூருக்குப் போய்விட்டார். நான் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாக அக்கா வீட்டில் தங்கினேன். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கும்போது மூக்கில் காந்தல் வாடை அடித்தது. யாரோ கரும்புச் சோகை கொளுத்துகிறார்கள் என்றாள் அக்கா. பகல் ஆனபோது கிழக்கே வானம் பழுப்பாகிவிட்டது. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. கொடியில் காயப்போட்ட வேட்டியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைத் தட்டினேன். கையோடு ஒட்டிக்கொண்டு பொடிந்தது. இலையின் நரம்பு அப்படியே தெரிந்தது.

பஸ் நிலையத்தில் ஊரே கூடிவிட்டது. பாலாற்றுச் சோதனைச்சாவடிப் பக்கமிருந்து வர வேண்டிய பஸ் வரவில்லை. பாதி வழி போய்த் திரும்பி வந்த டிரைவர், "ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் எரியுதுங்க. கண்ணாடிய ஏத்திட்டும் மூச்சு முட்டுது" என்று சொல்லித் தண்ணீர் வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டார். டீக்கடையில் ஆளுக்கொரு பேச்சு.

"பட்டிக்காரனுங்க வேலைதான். பழைய புல்லு எரிஞ்சாத்தான மழைக்குப் புதுசு துளிர்க்கும்."

"மரம் வெட்டி வித்தவன் கொளுத்தியிருப்பான். அடிக்கட்டை தெரியக்கூடாதில்ல."

"அட, வருசா வருசம் எரியறதுதான். நாலு நாள்ல தானா நிக்கும்."

அப்படிச் சொன்னவர் சாயங்காலம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மலைச்சரிவில் ஒரு கோடு போலத் தீ ஏறுவது ஊரிலிருந்தே தெரிய ஆரம்பித்திருந்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் பிள்ளைகள் அதைக் கேட்டுக் குதித்தார்கள். பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். எங்களுக்கு வழக்கமாக விறகு போடும் பெண் ஒருத்தி, சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "இனி எங்க போவனுங்க நான்" என்று ஒரு தடவை சொன்னாள். அக்கா காபி கொடுத்தாள். குடிக்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் விடிகாலையில் ஊர்க் குளத்தில் மான்கள் நின்றன. பத்துப் பதினைந்து இருக்கும். ஆட்களைக் கண்டும் ஓடவில்லை. தண்ணீரில் வயிறு வரை இறங்கி நின்றன. ஊர் நாய்கள் கரையில் படுத்துக்கொண்டு பார்த்தன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எங்கள் ஊரில் மான் கறி என்றால் நாக்கைத் தொங்கப்போடும் ஆட்கள் உண்டு. அவர்கள்கூடக் கல்லெடுக்கவில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதைப் பார்த்ததும் நான் குளத்தங்கரையை விட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். முதல் நாள் காந்தல் வாடை அடித்தபோதே தெரியும். அந்தக் கட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வனத்துறை ஆட்கள் ஊரில் வந்து தீயை அடிக்க ஆள் கேட்டார்கள். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் போனார்கள், மாமாவும் போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தார். புருவம் கருகியிருந்தது. கால் முழுக்கக் கொப்புளம். அக்கா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஓடைக்கரையிலேர்ந்துதான் கெளம்பியிருக்குது. பாரஸ்ட் கார்டு எடம் பாத்துட்டு வந்து சொன்னான். நம்ம சாமிகிட்டயிருந்து."

நான்தான் கேட்டேன், "அடுப்பப் பாத்தாங்களா?"

"பாக்காம? பாத்துட்டுக் கும்பிட்டுட்டுப் போனானாம். சாமி கும்பிடப் போனவங்க காட்டக் கொளுத்துவாங்களான்னு அவனே சொல்றான். பக்கத்துல பட்டி இருக்குது, பட்டிக்காரனப் புடிக்கப் போறாங்க." மாமா சாத்தின கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "யாரும் வாயத் தெறக்கப்படாது. முக்கியமா நீ, அம்மணி. உம் புருசன் கவர்மெண்ட்டு உத்தியோகம்."

ஊரில் யாருக்குமே எங்கள் மேல் சந்தேகம் வரவில்லை. நாங்கள் திங்கட்கிழமை போனதும், மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். சாமி அடுப்பு காட்டை எரிக்கும் என்று ஒருவருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. சிலர், இந்த வருஷம் சாமியே இறங்கி நடந்திருக்கிறது என்றுகூடப் பேசினார்கள்.

மறுநாள் சேதி வந்தது. பட்டிக்கார அண்ணன் தானாகவே போய் வனத்துறை ஆபீசில், "நாந்தானுங்க வெச்சேன், புல்லுக்காக வெச்சேன்" என்று ஒத்துக்கொண்டுவிட்டாராம். மாமா நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு நம்பிக்கொண்டேன். செய்யாத ஒன்றை ஒரு மனிதன் தானே போய் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அப்படியானால் நிஜமாகவே அவர் புல்லுக்காக வைத்திருப்பார், எங்கள் அடுப்பு தானாக ஆறியிருக்கும். இந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

தீ அடங்காமலேயே நான் மைசூருக்குக் கிளம்பினேன். கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினால், கடைசி சீட்டில் இரண்டு கார்டுகளுக்கு நடுவில் பட்டிக்கார அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் அவருடைய துண்டாலேயே கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து போய், "பாவி, காட்டையே எரிச்சுட்டியேடா" என்று அவர் காலடியில் துப்பினார். பட்டிக்காரர் காலை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் கட்டின கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"ஊருக்குங்களா அம்மணி? பொங்கல் நல்லா கெழக்கால பொங்குச்சே, சாமி சீக்கிரம் குடுக்கும் பாருங்க."

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். நாலு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் துண்டை அவிழ்த்திருப்பார்கள். கார்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் அவர் கார்டிடம், மாடுகளை யார் திருப்புவார்கள், ஒரு பசு இன்றோ நாளையோ கன்று போடும் என்று சொல்லிக்கொண்டே வந்தது கொள்ளேகால் வரை கேட்டது.

மைசூரில் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் தண்ணி ஊத்தப் போனேனே' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் கேட்கவில்லை.

"சும்மனே இரு. கேஸ்னு ஆயிட்டா என் வேலை போயிடும். அவனே ஒத்துக்கிட்டான் அல்லவா? அப்பறம் என்ன."

ரயில்வே குவார்ட்டர்ஸில் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேப்பரில் நாலு வரி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டார். ஆகவில்லை என்றதும், "அப்படீன்னா சரி" என்று அரிசி களையப் போய்விட்டார். அந்த வாரமே ஒரு சாயங்காலம் சாமுண்டி மலையின் புல்லிலும் தீப் பிடித்தது. குவார்ட்டர்ஸ் ஜனங்கள் எல்லோரும் மொட்டைமாடியில் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். ராமாபுரத்திலிருந்து கொண்டு வந்த புடவைகளைத் துவைத்தபோது வாளித் தண்ணீர் மூன்று தடவையும் கறுப்பாகத்தான் வந்தது.

அக்கா தபால் கார்டு போட்டாள். பட்டிக்காரருக்குச் சில மாதம் ஜெயில். மேய்ச்சல் சீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். மாடுகளை ஊர்க்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி பெண்டாட்டியோடு தனியாக எங்கோ கூலிக்குப் போகிறானாம். கடைசி வரியில், உனக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டிருந்தாள். விசேஷம் இருந்தது. அந்த வருஷம் கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தாள். பஸ்ஸில் அவர் சொன்னது பலித்துவிட்டதே என்று பிரசவ வலியிலும் எனக்கு நினைப்பு வந்தது. சந்தோஷப்பட முடியாமல் அழுதேன். நர்ஸம்மா ஆண் பிள்ளை இல்லையென்று அழுகிறேன் என நினைத்து என்னைத் திட்டினாள்.

எட்டு வருஷம் கழித்து விஜயநகரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அப்போது அங்கே பாதி மனைகள் காலி, பாதியில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வாசலில் நின்று காய்கறிக்காரனோடு வழக்கம்போல மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிர் மனையில் மணல் சலித்துக்கொண்டிருந்த ஆள் சல்லடையை வைத்துவிட்டு வந்தார்.

"ராமாபுரத்து அம்மணிதானுங்களே? சத்தத்தக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு."

முடி முழுக்க நரைத்துவிட்டது. முன்பல் இரண்டு இல்லை. அந்தப் பட்டிக்கார அண்ணன்தான் என்று நான் அடையாளம் கண்டுகொண்ட நிமிஷத்தில் கையிலிருந்த கத்தரிக்காய் கீழே விழுந்தது. அவர் பொறுக்கிக் கொடுத்தார். அந்த மனையில் வாட்ச்மேனாகவும் இருக்கிறார், தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார். அக்காவை விசாரித்தார், மாமாவை விசாரித்தார். என் பெண்ணைப் பார்த்து, "நாஞ் சொன்னனில்லீங்களா" என்று வாய் நிறையச் சிரித்தார். தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் காபி, மத்தியானம் குழம்புச் சோறு, தீபாவளிக்கு வேட்டி என்று அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை தட்டை நீட்டும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர், "போதுமுங்க அம்மணி" என்று சாப்பிடுவார். நான் உள்ளே வந்துவிடுவேன். இப்படியே ஆறு மாதம் ஓட்டினேன். என்னைப் போல வெட்கம் கெட்டவள் உண்டா?

எதிர் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ரிட்டயர்டு ஆபீசர், கன்னடக்காரர், நல்ல மனிதர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோபமாக எங்கள் கேட்டில் வந்து நின்றார். பட்டிக்காரர் அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காண்டிராக்டரின் ஆள் ஒருவன் ராமாபுரத்தை அடுத்த ஹனூர்க்காரனாம், இவர் காட்டைக் கொளுத்திவிட்டு ஜெயிலுக்குப் போனவர் என்று சொல்லிவிட்டானாம். மரச் சாமான் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட ஆளை எப்படிக் காவலுக்கு வைப்பது? இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடப் போகிறேன், நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்குத் தெரியுமா, இவன் எப்படி என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பேப்பரோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை சும்மா இரு என்று சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவர் வெக்கலைங்க சார்" என்றேன். கன்னடத்தில் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். "நாங்க வெச்ச அடுப்பு அது. சாமி அடுப்புன்னு தண்ணி ஊத்த விடாம தடுத்தவ நான். அந்தக் கட்டை சிவப்பா இருந்ததப் பாத்துட்டுத்தான் வந்தோம். இந்த மனுசன் செய்யல."

நான் பட்டிக்காரரைப் பார்த்தேன். திட்டுவார், காறித் துப்புவார், இல்லை பெருந்தன்மையாகப் போகட்டும் அம்மணி என்பார் என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. அவர் எங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"அப்ப எந் தம்பி இல்லீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"அவம் பீடிதான்னு நெனச்சனுங்க. ஓடைக்கரைலதான் குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அம்மா மேல சத்தியம் பண்ணான், நானில்லண்ணா, நானில்லண்ணான்னு. நாந்தான் நம்பல. கட்டுனவ இருக்கறா, அவன் உள்ள போனா அவ என்ன பண்ணுவான்னு நாம் போயி ஒத்துக்கிட்டேன். வெளிய வந்தப்பறம் அவம் மூஞ்சில முழிக்கல. எத்தன தடவ வந்தான்... கொட்டகை வாசல்ல வந்து நிப்பான், நாம் பேசமாட்டேன். போன ஐப்பசில மஞ்சக்காமாலை வந்து செத்துப் போனானுங்க. சேதி சொல்லி ஆள் வந்துச்சு. எழவுக்கும் நாம் போகல. கொள்ளி வெக்க ஆளில்லாம அவம் மச்சினன் வெச்சானாம்."

சுவரோரம் உட்கார்ந்தபடி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். அவர் அந்தக் கையை விலக்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

ஆபீசருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. மனிதர் கலங்கிப்போய் என்னைப் பார்த்தார். "ஏனந்தானே இவனு?" என்றார்.

என்ன சொல்கிறான் இவன் என்று கேட்கிறார். அங்கே இரண்டு பாஷையும் தெரிந்து வாய் உள்ளவள் நான்தான். அவர் சொன்னது ஒவ்வொன்றையும், தம்பி சத்தியம் பண்ணினது முதல் மச்சினன் கொள்ளி வைத்தது வரை, கன்னடத்தில் நானே சொன்னேன்.